தப்பான பெயர்கள்

எங்கள் குடாவில் யாரும் கதவைத் தட்டுவதில்லை.
திறந்துகொண்டு வருவார்கள், பூட்ஸைக் கழற்றுவார்கள்,
கெட்டிலில் தண்ணீர் இருக்கிறதா என்று தாங்களே பார்ப்பார்கள்.
நியூஃபவுண்ட்லாந்தில், இந்த மூலையில்,
தட்டுகிற சத்தம் கேட்டால்
ஒன்று மீன்வளத்துறை அதிகாரி,
இல்லையென்றால் கிறிஸ்துமஸ் வேஷக்காரர்கள்.

பண்டிகை முடிந்த நான்காம் இரவு தட்டினார்கள்.
"வேஷம் உள்ளே வரலாமா?"
மூச்சை உள்ளிழுத்தபடியே கேட்ட குரல்.
வெளிவிடும் மூச்சில் பேசினால் ஆள் தெரிந்துவிடும்,
உள்ளிழுக்கும் மூச்சில் எல்லாரும்
ஒரே கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுகிறவர்கள்.

ஐந்து பேர்.
தலையணை உறைக்குள் ஒரு தலை.
மழைக்கோட்டின் மேல் ஒரு பிரா, உள்ளே இரண்டு டர்னிப்.
முதுகில் மெத்தைக் கூன், வலது காலில் இடது பூட்ஸ்.
கடைசியில் வந்தவனுக்குப் பூப்போட்ட நைட்டி,
முகத்தில் ஜன்னலின் லேஸ் திரை.

வாசலில் பனியை உதறினான்:
இடது காலை இரண்டு தரம், வலதை ஒரு தரம்.
என் கையிலிருந்த கரண்டி தரையில் விழுந்தது.

பதினோரு வருஷம்.
ஒரு படகு இஞ்சினுக்காக என்று ஊர் சொல்லும்.
அந்த இஞ்சின் எப்போதோ துருவாகிக் கடலடியில் கிடக்கிறது.
பேச்சற்றுப்போனது மட்டும்
எண்ணெய்கூடக் கேட்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது.
சர்ச்சில் அண்ணன் வலப்பக்க பெஞ்சு, தம்பி இடப்பக்கம்.
குடிலிலிருக்கும் மாடும் கழுதையுமாவது
ஒரே திசையைப் பார்க்கும்.

வேஷத்துக்கு ஒரே ஒரு விதி.
பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டால்
முகத்தைக் காட்டியே ஆக வேண்டும்.

மெல்வினாவை இருமலில் பிடித்தோம்.
அசரியாவை முழங்கால் காட்டிக்கொடுத்தது.
தபால்காரர் பையன் சிரிப்பை அடக்கமாட்டாமல் தானே விழுந்தான்.
புதிதாக வந்த நர்ஸின் பெயர் யாருக்கும் தெரியாது.
பாவம், காத்திருந்து காத்திருந்து
அவளே உறையைக் கழற்றிவிட்டுக் கேக் கேட்டாள்.

மிச்சம் லேஸ் திரை.

லியாண்டர் அவனை ஒரு சுற்றுச் சுற்றிவந்தான்.
கையுறையின் சுண்டுவிரலை அழுத்திப் பார்த்தான். பஞ்சு.
அந்த விரல் வின்ச்சில் போன அன்று
துண்டில் கையைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு
எண்பது மைல் பனியில் லாரி ஓட்டியவன் இவன்.

"பாதிரியாரா?" என்றான்.
"இல்லை," என்றது உள்மூச்சு.
"அப்படியென்றால் எஃபி. இந்த இடுப்பு அவளுக்குத்தான்."
அடுப்படியே குலுங்கியது.
"வரி அலுவலகத்து ஆளா? செத்துப்போன என் குதிரையா?"

மெல்வினா வாயைத் திறந்தாள்.
அசரியா அவள் காலை மிதித்தார்.
அப்போதுதான் எனக்கு உறைத்தது,
இந்த அறையில் எல்லாருக்கும் தெரியும்,
நர்ஸைத் தவிர.

அக்கார்டியன் எடுத்தார்கள்.
நைட்டியும் லியாண்டரும் கைகோத்து ஆடினார்கள்,
தரைப்பலகையின் ஆணிகள் முனக,
என் பீங்கான் தட்டில் ஒன்று போயிற்று.
திரைக்கடியில் ஸ்ட்ரா நுழைத்து அவன் ரம் குடித்தான்.
கேக் துகள்கள் லேஸில் சிக்கி நின்றன.
நடுநடுவே இன்னும் ஒரு பெயர், இன்னும் ஒரு பெயர்,
எல்லாம் தப்பு,
எல்லாம் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த தப்பு.

"யாரென்றே கண்டுபிடிக்க முடியவில்லை!"
மூடிய கதவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னான் லியாண்டர்.
வெளியே இருமல்போல ஏதோ.

மறுநாள் டீசல் போடும் இடத்தில்
கார்லண்டும் இவனும் முதுகைக் காட்டி நின்றார்களாம்.
கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள்.
நான் உடைந்த தட்டை ஒட்டிக்கொண்டிருந்தேன்.

ஜனவரி ஆறு. வேஷத்துக்குக் கடைசி இரவு.
சாப்பாடு முடிந்து வெகுநேரம்
ஜன்னலோரம் நின்றவன் திரும்பி
என் பெரிய நைட்டி எங்கே என்றான்.

எதற்கென்று நான் கேட்கவில்லை.
தோளில் பிடிக்கும்.
தையலைப் பிரித்துக் கொடுத்தேன்.